அக்காள் பெயரில் எழுதிய மகள்

லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் பாக்கியலெட்சுமி டீச்சரைப் பற்றி யாரைக் கேட்டாலும், கண்டிப்பானவர், கல்யாணமே கட்டாமல் பள்ளிக்கூடத்தோடு கிடந்தவர் என்றுதான் சொல்வார்கள். அவருக்குக் கல்யாணம் நடந்தது, ஒரு மகளும் பிறந்தாள். அது தெரிந்த தோட்டத்துச் சனமெல்லாம் இந்தியாவுக்குப் போய்விட்டது, இந்தப் பக்கத்தில் இப்போது தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுது லரீபா. ஆனா என்னைய நல்லவளாக்கி எழுதிடாத” என்றார்.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர் பாக்கியக்கா. அப்பா தோட்டத்தில் காவல்காரர். ஐம்பதுகளில் எப்படியோ அலைந்து இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கி வைத்திருந்தார். அதில் சின்ன மகள் பாக்கியலெட்சுமியின் பெயரும் இருந்தது. தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு பசறைக்கு நடந்து போய்ப் படித்து, எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணினார். அந்த லயத்து வீடுகளில் அதுவரை ஆம்பளைப் பிள்ளைகள்கூட அவ்வளவு தூரம் போனதில்லை. பரீட்சை முடிவு வந்த மாதத்தில் அப்பா இறந்துபோனார். பதினெட்டு வயதில், தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த வீரசிங்கத்துக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பதிவு என்று ஒன்றும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாருமே செய்வதில்லை.

1966இல் தவமணி பிறந்தாள். பிள்ளைக்கு எட்டு மாதமாக இருந்தபோது, ஹல்துமுல்லைப் பக்கம் நல்ல வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீரசிங்கம் கிளம்பினார். ஒரு வருடம் ஆகியும் ஆள் வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி ஹல்துமுல்லைக்கே போய்விட்டார் பாக்கியக்கா. விசாரித்துக் கண்டுபிடித்த லயத்து வாசலில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றாள்.

“நீங்க யாருங்க?” என்று அவள் கேட்டாள்.

“அவரோட ஊருக்காரி. இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போகலாம்னு.”

அந்தப் பெண் உட்காரச் சொல்லி வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தவமணிக்கு ஒரு விசுக்கோத்தும் கொடுத்தாள். குடித்து முடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அதன் பிறகு அக்காள் ரெங்கம்மா வீடுதான். ரெங்கம்மாவுக்கும் புருஷன் மாடசாமிக்கும் கல்யாணமாகிப் பத்து வருடமாகப் பிள்ளை இல்லை. ஒற்றைக் காம்பரா, ஒரே அறைதான். அதற்குள் தாயும் மகளும் ஒண்டிக்கொண்டார்கள். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தவமணியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவார். கொழுந்து பறித்துக்கொண்டே பழைய பாடங்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாராம். பக்கத்து நிரைக்காரிகள், இவளுக்குப் புருஷன் போனதில் சித்தம் கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் கேட்டு அறிவித்தல் வந்ததை மளிகைச் சாமான் சுற்றி வந்த பேப்பரில்தான் பார்த்தார். பிரஜாவுரிமை வேண்டும், அது இருந்தது. எஸ்.எஸ்.ஸி. வேண்டும், அதுவும் இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை. பெண்கள் மணமாகாதவர்களாகவும் பிள்ளைகள் இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும். அந்த வருடத்துக்கான தேதி கடந்துபோயிருந்தது. பேப்பரை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

1970இன் தொடக்கத்தில், இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, பிரஜாவுரிமை இல்லாதவர்களில் இந்தியாவுக்குப் போக விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று தோட்டமெங்கும் விண்ணப்பப் பாரங்கள் வந்தன. மாடசாமியும் ஒன்று வாங்கி வந்தார். நிரப்பத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார். பாக்கியக்கா பேனாவை எடுத்து, குடும்பத் தலைவர் பெயர் எழுதி, மனைவி பெயர் எழுதினார். பிள்ளைகள் என்ற கட்டம் வந்தது.

“புள்ளைய எங்க பேருல போட்டுரு பாக்கியம்” என்றாள் ரெங்கம்மா. “பொறந்த பதிவும் இல்ல, அப்பன் பேரும் இல்லாமக் கெடக்கு. அரிசிக் கூப்பனுக்கும் ஆகும், பள்ளிக்கூடத்துல சேக்கவும் ஆகும். நீ படிக்கப் போறதுக்கும் அதான் தோது.”

“இந்தியாவுக்குக் கூப்ட்டாங்கன்னா?”

மாடசாமி சிரித்தார். “ஆயிரக் கணக்குல எழுதிப் போட்டுருக்கான். அது வர்றதுக்குள்ள நாம எல்லாம் மண்ணுக்குள்ள போயிருவோம்.”

மகள், தவமணி, வயது நான்கு. பாக்கியக்கா தம் கையாலேயே எழுதினார்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைக்குப் புதிதாகப் பேசப் பழக்கினார்கள். ரெங்கம்மா அம்மா, பாக்கியம் சின்னம்மா. இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னபோது பாக்கியக்கா அழவில்லை. “ஒரு நாள் முழுக்க அம்மா அம்மான்னு பின்னாலயே வந்துச்சு. நான் திரும்பல. முந்தானையப் புடிச்சு இழுத்துச்சு, அப்பவும் திரும்பல. மறுநாளு சின்னம்மான்னு கூப்ட்டுச்சு. திரும்பிப் பாத்தேன்” என்றார்.

பிறகு, மணமாகாதவர், பிள்ளை இல்லாதவர் என்று கையெழுத்துப் போட்டுக் கலாசாலைக்கு விண்ணப்பித்தார். 1972 ஜனவரியில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். என் வாப்பா ஜுனைதீனுக்கு பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை. மகளை ஆசிரியையாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கிழக்கே கடற்கரையோரம் இருந்த ஒரு கலாசாலையில் இடம் கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பஸ் பசறையில் நின்றபோது ஒரு தகரப் பெட்டியோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் பாக்கியக்கா. ஒரு சின்னப் பிள்ளை ஜன்னலுக்குக் கீழே நின்று கையை ஆட்டியது. யார் என்று கேட்டேன். “அக்கா மக” என்றார். பஸ் மலையிறங்கிச் சமவெளியைத் தொடும்வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கணக்கில் நான் மக்கு, அவர்தான் சொல்லிக் கொடுப்பார். உதவிப் பணத்தில் சவர்க்காரம் வாங்குவதோடு சரி, மிச்சத்தை அக்காவுக்கு அனுப்பிவிடுவார். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் உளவியல் வகுப்பு. விரிவுரையாளர் குறிப்புச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தோம். ஐந்து வயதுக்குள் தாயைப் பிரிகிற குழந்தை முதலில் அழும், பிறகு எதிர்பார்க்கும், பிறகு மறக்கத் தொடங்கும், மறந்த பிறகு தாய் திரும்பி வந்தாலும் அந்நியரைப் போலப் பார்க்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பாக்கியக்கா பேனாவை மூடினார். எழுந்து வகுப்பைவிட்டு வெளியே போய்விட்டார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். நான் பின்னால் ஓடினேன்.

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாக்கியக்கா, உடம்புக்கு ஏலாதா?”

“அது என் புள்ள லரீபா.”

“எது?”

“பஸ்ஸுக்குக் கீழ நின்னுச்சே. அது நான் பெத்த புள்ள.”

எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னார். பாடவேளை மணி இரண்டு தடவை அடித்தது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது.

அந்த வருடம் தோட்டங்களில் பட்டினி. மாவும் இல்லை, அரிசியும் இல்லை, வாரத்தில் மூன்று நாள்கூட வேலை கொடுக்கவில்லை. பதுளை பஸ் நிலையத்தில் தோட்டத்துச் சனம் பிள்ளைகளோடு கையேந்தி நின்றதை நான் லீவில் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போய் வந்த பாக்கியக்கா, தவமணி மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்று வயிறு ஊதிக் கிடக்கிறாள் என்றார். அதற்குப் பிறகு விடுதியில் அவர் காலைச் சாப்பாட்டைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

நவம்பரில், இறுதிப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கொண்டு எழுதியிருந்தார் மாடசாமி. இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும். மூன்று பேருக்கும்.

கடிதத்தைப் படித்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

“எங்க போறீங்க?”

“பிரின்ஸிபல்கிட்ட. இந்தப் புள்ள என்னோடதுன்னு எழுதிக் கொடுக்கப் போறேன்.”

நான் கதவை மறித்து நின்றேன். “பைத்தியமா உங்களுக்கு? பத்து நாள் கெடக்கு. இப்ப சொன்னா பரீட்சையும் இல்ல, சேர்ட்டிபிக்கட்டும் இல்ல. கள்ளக் கையெழுத்து வச்சதுன்னு வழக்கும் வரும். பொறகு அந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுப்பீங்க? மொதல்ல சோதனைய எழுதுங்க. பொறகு போய்ப் பேசிக்கொள்ளலாம்.”

கதவுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய்ப் புத்தகத்தைத் திறந்தார். பரீட்சையில் எங்கள் தொகுதியிலேயே அவருக்குத்தான் அதிகப் புள்ளி. அந்தக் கதவை நான் மறிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் நான் ஒரு வருடத்தைக்கூடக் கழித்ததில்லை. பாக்கியக்கா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

டிசம்பரில் தோட்டத்துக்குத் திரும்பியபோது வீட்டில் பாதிச் சாமான் விற்றாகியிருந்தது. “புள்ளைய விட்டுட்டுப் போங்க” என்று மாடசாமியிடம் கேட்டார்.

மாடசாமி கெட்ட மனிதர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினார். “விட்டுட்டுப் போறேன் பாக்கியம். எந்தப் பேப்பருல விட்டுட்டுப் போறது, நீயே சொல்லு. இங்க அதுக்கு ஒரு துண்டுப் பேப்பரு இல்ல. கூப்பன வெட்டிருவாங்க. பொய் சொன்னோம்னு தெரிஞ்சா எங்க மூணு பேருது பாஸ்போர்ட்டும் போகும், ஒன் வேலையும் போகும். அங்க போனா புள்ளைக்குச் சோறாச்சும் கெடைக்கும்ங்கிறாங்க.”

பொங்கல் கழிந்த ஒரு நாள், தவமணிக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே பாக்கியக்கா கேட்டார்.

“நீ சின்னம்மாகூட இங்கயே இருக்கியா? பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துவுடுறேன்.”

“அம்மாவும் இருக்குமா?”

“அம்மா ஊருக்குப் போகுதுல்ல.”

“அப்ப நானும் அம்மாகூடத்தான் போவேன்” என்றாள் பிள்ளை. தலையைத் திருப்பி, “நீங்களும் வாங்களேன் சின்னம்மா” என்றாள்.

அவர்கள் புறப்பட்ட அன்று நான் பதுளை ரயில் நிலையத்துக்குப் போனேன். அந்த மேடையில் அன்று நின்ற சனத்தை எப்படிச் சொல்வது! ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் லொறியில் வந்து இறங்கியிருந்தார்கள். போகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். கிழவிகள் மேடையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கோச்சி ஊதியபோது அந்த ஓசை அழுகைக்குள் அமுங்கிப்போனது. பாக்கியக்கா ஏறிவிட்டார். பண்டாரவளை வரைக்கும் போய்விட்டு இறங்குவதாகச் சொன்னார். அவரைத் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது, நானும் ஏறினேன்.

தவமணி ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற சுரங்கங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். இருட்டு வரும்போதெல்லாம் ரெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். தெமோதரை தாண்டியதும் ரெங்கம்மாவால் தாங்க முடியவில்லை.

“பாக்கியம், நான் சொல்லிப்புடுறேன். ஒரு தடவையாச்சும் ஒன்னைய அம்மான்னு கூப்புடட்டும்.”

“வேணாம்க்கா” என்றார் பாக்கியக்கா. “கூப்ட்டுச்சுன்னா நான் எறங்கமாட்டேன். நான் எறங்கலன்னா எல்லாரும் கெட்டோம்.”

பண்டாரவளையில் இறங்கினோம். பிள்ளை உள்ளேயிருந்து, “சின்னம்மா, காயிதம் போடுங்க” என்று கத்தியது. வண்டி வளைவில் மறைந்த பிறகும் அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் தோளைப் பற்றியிருந்த அவர் விரல்களின் தடம் ஒரு கிழமை வரைக்கும் மாறவில்லை.

இரண்டு மாதத்தில் நியமனம் வந்தது. லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். எனக்கு பதுளையிலேயே கிடைத்தது. மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருவார், என் உம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார், இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களை எனக்கு வாசிக்கத் தருவார். முதல் கடிதம் மண்டபம் முகாமிலிருந்து வந்தது. பிறகு நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இங்கே விட்டுப் போன அதே கூடை, அதே கொழுந்து.

ரெங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அவள் சொல்லச் சொல்லத் தவமணிதான் எழுதுவாள். ‘அன்புள்ள சின்னம்மாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது’ என்று தொடங்கும். பதிலை வாசித்துக் காட்டப் போகிறவளும் அவள்தான். ஆகவே பாக்கியக்காவால் எதையும் எழுத முடியாது. நலமா, மழை பெய்கிறதா, பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறதா என்று எழுதுவார். தவமணி விட்ட எழுத்துப் பிழைகளை ஒரு தாளில் திருத்தி, அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புவார். அதற்கு அடியில் மட்டும் ‘என் கண்ணுக்கு’ என்று எழுதுவார்.

1979இல் வந்த கடிதத்தில், தவமணி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறாள், அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று இருந்தது. அதை எழுதியதும் அவள்தான். பாக்கியக்கா அன்று என் வீட்டில் உட்கார்ந்து மூன்று கடிதம் எழுதிக் கிழித்தார். “எதுக்காக லரீபா? நான் எதுக்காகப் படிச்சேன்?” என்று கேட்டார். நாலாவது கடிதத்தில் பிள்ளையைப் படிக்க விடும்படி கெஞ்சியிருந்தார், பணமும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பதில் வர ஐந்து மாதமானது. மாடசாமி இறந்துவிட்டார், இனிப் பள்ளிக்கூடத்துக்கு வழியில்லை என்று.

1982 ஏப்ரல் விடுமுறையில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறினார். கூடலூர் போய்ச் சேர நாலு நாள். ரெங்கம்மா கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். தவமணி சாயங்காலம்தான் மலையிலிருந்து வந்தாள். பதினாறு வயது. கூடையை இறக்கி வைத்தாள், கை கால் கழுவினாள், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

“எல்லாம் தெரியும் சின்னம்மா. அப்பா செத்த அன்னைக்கு அம்மா சொல்லிருச்சு” என்றாள்.

பாக்கியக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஒன்னே ஒன்னு கேக்கணும். அந்தப் பாரத்துல என் பேர எழுதுனது யாரு?”

“நான்தான்.”

“அதான் நெனச்சேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாதுல்ல.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. பாக்கியக்கா ஒன்பது நாள் இருந்தார். சோறு போட்டாள், படுக்கப் பாய் விரித்துக் கொடுத்தாள், அவர் சேலையைத் துவைத்துப் போட்டாள். ஒரு நாள் பாக்கியக்கா அவள் தலையைத் தொடப் போனபோது, “எண்ணெ வச்சிருக்கேன், கையில ஒட்டும்” என்று விலகிக்கொண்டாளாம். கிளம்புகிற அன்று பஸ் ரோடு வரைக்கும் பையைச் சுமந்து வந்தாள். வழியில் தண்ணீர் கிடைக்காது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பி நடந்துவிட்டாள்.

“திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும்” என்று வந்து சொன்னார் பாக்கியக்கா.

அடுத்த வருடம் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் பதுளை எரிந்தது. பாக்கியக்கா மூன்று நாள் எங்கள் வீட்டு உள்ளறையில் ஒளிந்திருந்தார். அதற்கடுத்த வருடம் கப்பலும் நின்றுபோனது. 1985இல் ஒரு கடிதம் வந்தது. ‘அம்மா இறந்துவிட்டது. காரியம் முடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது’ என்று மூன்றே வரி. பாக்கியக்கா அக்காவுக்காக ஒரு நாள் முழுக்க அழுதார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடமாக வந்த கடிதமெல்லாம் ரெங்கம்மா சொல்லி எழுதியவை. சொல்வதற்கு ரெங்கம்மா இல்லாமல் போனதும் கடிதம் நின்றுவிட்டது.

பாக்கியக்கா விடவில்லை. மாதம் ஒன்று எழுதினார். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் எழுதினார். ஹல்துமுல்லைக்குப் போனதை, அந்த உளவியல் வகுப்பை, பண்டாரவளையில் இறங்கியதை. இரண்டு வருடம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

போன வருடம், 1987இல், ஒரு சனிக்கிழமை கையில் ஒரு உறையோடு வந்தார். அவர் அனுப்பியதுதான், திரும்பி வந்திருந்தது. முகவரியின் மேல் சிவப்புக் கோடு. அந்த ஆள் அங்கே இல்லை, போன இடம் தெரியாது என்று தமிழில் யாரோ எழுதியிருந்தார்கள். தபால்காரராக இருக்கலாம். தவமணியின் எழுத்து இல்லை, அதை நாங்கள் இரண்டு பேரும் உற்றுப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.

உம்மா சோறு போட்டார். சாப்பிட்டார். இரவு தங்கிப் போகச் சொன்னேன். “இல்ல லரீபா. திங்கக்கெழம புள்ளைகளுக்குத் தவணப் பரீட்ச. வினாத்தாள் இன்னும் எழுதி முடிக்கல” என்றார். பஸ் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். லுணுகலை பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.